குழாயின் வயதைக் கேளுங்கள்



இறக்கக்கண்டியில் இருந்து ஓர் உம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் வளைகுடா நாடொன்றில் எரிவாயு சுத்திகரிக்கும் தொழிற்சாலையில் இரண்டு வருசமாக வேலை செய்கிறான். 'இங்குள்ள மெஷின் எல்லாம் எனக்கு மூத்தது உம்மா' என்று ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் பயப்பட வேண்டுமா?"

பழையது என்ற ஒரே காரணத்தால் ஒரு தொழிற்சாலை ஆபத்தானதாகி விடாது உம்மா. பராமரிப்பு இல்லாத பழசுதான் ஆபத்து.

உங்கள் ஊருக்குத் துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கடற்காற்று பட்ட கதவுக் கீல் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். மரத் தோணியின் ஆணி வெளியே தலை காட்டிக்கொண்டு, உள்ளே மெலிந்து போயிருக்கும். அதனால்தான் தோணியைக் கரையேற்றித் தட்டிப் பார்க்கிறார்கள்.

எரிவாயுக் குழாயும் இப்படித்தான். நிலத்தடியிலிருந்து வரும் வாயுவில் தண்ணீரும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் அமிலமாகி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பூசிய வண்ணம் பளபளவென்றே இருக்கும்!

ஆந்திராவில், அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் கிராமத்தில் நடந்தது இதுதான். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு போனது. அரித்த இடத்தில் கசிந்தது. 2014 ஜூன் 27 அதிகாலையில் வாயு தீப்பற்றி, 20 பேருக்கு மேல் மாண்டார்கள். வீடுகளும் தென்னைகளும் கருகின.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டில் 1969 முதல் இயங்கிய எரிவாயு ஆலை. 1998 செப்டம்பர் 25 அன்று சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், ஒரு பெரிய கலம் வெளியே பனி படரும் அளவுக்குக் குளிர்ந்தது. மிகுந்த குளிரில் இரும்பும் கண்ணாடியைப் போல் உடையக் கூடியது. அது தெரியாமல் மீண்டும் சூடான எண்ணெயைத் திறந்தார்கள். கலம் பிளந்தது. இருவர் இறந்தார்கள்; எட்டுப் பேர் காயப்பட்டார்கள். விக்டோரியா மாநிலம் பல நாட்கள் எரிவாயு இன்றித் தவித்தது.

கம்பெனி தொழிலாளியின் மேல் பழியைப் போட்டது. ஆனால், விசாரணை ஆணைக்குழு 1999இல் என்ன சொன்னது தெரியுமா? குளிர்ந்த இரும்பின் ஆபத்தைக் கம்பெனி அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை, குற்றம் கம்பெனியுடையது என்றது. சொல்லித் தராததைச் செய்யவில்லை என்று ஒரு தொழிலாளியை எப்படிக் குறை சொல்வது?

ஆகவே உம்மா, அடுத்த முறை மகன் பேசும்போது, "சாப்பிட்டியா மகன்?" என்பதோடு இதையும் கேளுங்கள். குழாய்களின் தடிப்பைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்? தொட்டிக்குள் இறங்குமுன் வாயுவைச் சோதித்து, எழுத்தில் அனுமதிச் சீட்டுத் தருகிறார்களா? சட்டையில் மாட்டும் வாயு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா? சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்களா?

இதையும் சொல்லுங்கள்: அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைட் என்ற நச்சு வாயு அங்கே இருக்கலாம். அது அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே கெடுத்துவிடும். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். பள்ளமான இடத்தை விட்டு விலகி, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். தொட்டிக்குள் கூட்டாளி விழுந்து கிடந்தால், சுவாசக் கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த கதைகள் ஏராளம்.

மகனின் வேலை ஒப்பந்தப் பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? வீட்டுக் கடன், தங்கச்சியின் கலியாணம், அரைகுறையாக நிற்கும் சுவர். "இதைக் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம். அந்தப் பயத்தில் பாதி நம் வீட்டில் இருந்துதான் போகிறது.

அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "மகன், ஆபத்தென்று தெரிந்தால் அந்த வேலையைச் செய்யாதே. திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. சுவர் இன்னும் இரண்டு வருசம் அப்படியே நிற்கட்டும்."

இந்த ஒரு வார்த்தையை அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும் உம்மா. இன்றிரவே பேசுங்கள்.