கேள்விக்குக் கலர், பதிலுக்கு மட்டும் கறுப்பு வெள்ளையா?

மக்களே, இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம். மத்தவங்களும் படிக்கலாம், திட்டு வாங்கினது நான்தான் :-)

எங்க அடுக்ககத்துல 64 வீடு. மாசாமாசம் பராமரிப்புப் பாக்கியைக் கணக்குப் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்பற பைத்தான் நிரல் அடியேன் கைவண்ணம். போன மாசம் பாக்கியே இல்லாத 51 வீட்டுக்கும் "உங்கள் பாக்கி ரூ. 0. உடனே செலுத்தவும்" என்று போய்விட்டது. மூணாவது மாடிப் பெரியவர், முட்டிவலியோட படியிறங்கி, ரசீதுக் கட்டைக் கையில் பிடிச்சுக்கிட்டு வந்தார். "இருபது வருசத்துல ஒரு மாசம் பாக்கி வெச்சதில்லையே தம்பி" என்றார். எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு தெரியலை.

காரணம் ரெண்டு மேற்கோள் குறி. சிஎஸ்வி கோப்பைப் படிச்சா பைத்தானுக்கு எல்லாமே எழுத்துச் சரம்தான். தாமதக் கட்டணம் சேர்க்க வேண்டிய வீடுகளை மட்டும் எண்ணா மாத்தினேன், மத்ததை அப்படியே விட்டுட்டேன். வெறும் 0 என்றால் பைத்தானுக்கு 'இல்லை'. '0' என்பதோ காலியில்லாத சரம், அதனால 'உண்டு'. அனுப்பறதுக்கு முன்னாடி கன்சோல்ல மொத்தத்தையும் கொட்டி மூணு தடவை பார்த்தேன் சாமி! வீட்டு எண், பேரு, போன் நம்பர் எல்லாத்துக்கும் மேற்கோள். அந்தச் சாம்பல் சுவத்துல ஒரு '0' எப்படிக் கண்ணுல படும்? சரம் பச்சை, எண் நீலம்னு இருந்திருந்தா முதல் பார்வையிலேயே மாட்டியிருக்கும்.

இதை ஆபீஸ் சீனியர் அண்ணன்கிட்ட சொன்னா, "ஒழுங்கா டெஸ்ட் எழுதத் தெரியாதவன்தான் கலர் கேப்பான்" என்கிறார். டெஸ்ட் எழுதாதது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அண்ணே, உங்க எடிட்டர் திருவிழாப் பந்தல் மாதிரி மின்னுதே, அது எதுக்கு? அதுல இருக்கறது நீங்களே எழுதினது. எது சரம், எது எண்ணுன்னு உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரியாதது கன்சோல் திருப்பித் தர்ற பதில்தான். தெரிஞ்சதுக்கு வெளிச்சம், தெரியாததுக்கு இருட்டு. என்ன நியாயம் இது?

பைத்தான்காரங்களும் இதையேதான் செஞ்சிருக்காங்க. 2024 அக்டோபரில் வந்த 3.13, பிழைச் செய்திக்கு வண்ணம் கொடுத்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14, நாம தட்டச்சற வரிக்குக் கொடுத்தது. பதில் மட்டும் பழையபடி. நோட்.ஜேஎஸ் கன்சோலைப் பாருங்க: சரம் பச்சை, எண் மஞ்சள். அதுவும் அச்சான எழுத்தைப் பார்த்து ஊகிச்சு இல்லை, மதிப்போட வகையைப் பார்த்தே பூசுது. முறையான வழி அதுதான்.

"கோப்புக்குத் திருப்பினா குப்பையா வருமே" என்பது அடுத்த வாதம். பச்சைக்கு எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்பு, 32, எம். அது கோப்புக்குள்ள போனா அசிங்கம்தான். வெளியீடு போறது திரைக்கா கோப்புக்கான்னு பார்க்க இஸ்ஏடிடிஒய்னு ஒரு பழைய சோதனை இருக்கே! வண்ணமே வேண்டாம்னா 'நோ கலர்' சூழல் மாறி, 2017லேர்ந்து அதுக்கொரு பொது வழக்கம். இதெல்லாம் தீர்ந்து போன பஞ்சாயத்து.

ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் தலைவணங்கறேன். என் மச்சானுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். அவனுக்குத் தடிமன், சாய்வு எழுத்து வேணும், நிறத்தை மாத்திக்கிற வசதியும் வேணும். அதுக்காக எல்லாரும் இருட்டுல உட்காரணுமா?

நான் இப்ப ரிச் நூலகத்தைப் போட்டுட்டேன். தொடக்கக் கோப்புல ரெண்டே வரி, பதிலெல்லாம் வண்ணத்துல வருது. அது எழுத்து வடிவத்தைப் பார்த்துத்தான் பூசுது, நோட் மாதிரி இல்லை. ஆனாலும் இந்த மாசப் பட்டியலைக் கொட்டினதும் பாக்கி இருக்கற இடத்துல பச்சையா ரெண்டு '0' பல்லிளிச்சது. அனுப்பறதுக்கு முன்னாடியே!

சீனியர் அண்ணன் இதைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, ஒரு வாரம் உங்க எடிட்டர்ல வண்ணத்தை அணைச்சு வெச்சு வேலை பாருங்க. திங்கட்கிழமை டீக்கடையில பேசிக்கலாம்.