பெயரை மாற்றினால் இடஒதுக்கீடு போகாது

போடியில் விடியும் முன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்குப் பெயரே ஒரு சிக்கல். குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, தோட்டத்துக் கணக்கில் இன்னொன்று என்று இருந்தால், வைப்பு நிதி கேட்கும்போதும் பிள்ளைக்குச் சாதிச் சான்று வாங்கும்போதும் அலைச்சல்தான். கூப்பிட்டாலே குறுக வைக்கும் பெயரை விட்டுவிட நினைக்கும் இளைஞர்களும் உண்டு. இவர்களைத் தயங்க வைக்கும் பேச்சு ஒன்று ஊரில் உலவுகிறது: “கெஜட்டில் பெயர் மாற்றினால் எஸ்.சி. சலுகை போய்விடும்.”

போகாது. முதலில், அது சலுகை அல்ல, உரிமை. அடுத்து, சாதிச் சான்று பிறப்பை வைத்துத் தரப்படுகிறது. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, சாதியோடு மதத்தைப் பார்க்கிறது, பெயரைப் பார்ப்பதில்லை. இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி உண்டு. ‘பிச்சை’ என்பவர் ‘இளஞ்செழியன்’ ஆனால் அந்தத் தகுதி மாறாது. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால்தான் கேள்வி எழும். பெயர் மாற்றம் வேறு, மதமாற்றம் வேறு.

பெயரை நாமே தேர்ந்துகொள்வது புதிதும் அல்ல. காத்தவராயனாகப் பிறந்தவர்தான் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். ராமசாமி என்ற தன் தந்தையின் பெயரைத் தொல்காப்பியன் என மாற்றினார் திருமாவளவன். ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற சொற்களுக்குப் பதிலாக ‘ஆதி திராவிடர்’ என்று எழுத 1922-ல் சென்னை மாகாண அரசு ஆணையிட்டது. ஏழு பிரிவினரைத் தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்க 2021-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பெயர் ஒருவரது அடையாளத்தின் பகுதி. அதை வெளிப்படுத்துவது கருத்துரிமைக்குள் வரும் என்று ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே ஆண்டில்தான்.

வழிமுறைக்கு வருவோம். ஒரு ஆவணத்தில் மட்டும் எழுத்துப்பிழை என்றால், அதை வழங்கிய அலுவலகத்தில் திருத்தக் கேட்கலாம். புதிய பெயர் என்றால் அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு, பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பழைய பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, இனி அழைக்கப்படும் பெயர்: அறிவிப்பு அவ்வளவுதான். அதில் சாதிக்கு இடமில்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். வெளியானதும் ஆதார், குடும்ப அட்டை, வங்கி, வைப்பு நிதி எல்லாவற்றிலும் மாற்றுங்கள். அரசிதழ் நகலைப் பழைய சான்றிதழ்களோடு பத்திரமாக வையுங்கள்.

அரசிதழ் தாளில் உள்ள பெயரைத்தான் மாற்றும். கூப்பிடும் வாயை மாற்றாது. பலர் அறியச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், அதற்கு 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

தினக்கூலிக்காரருக்கு ஒருநாள் அலுவலக அலைச்சல் என்பது ஒருநாள் கூலி இழப்பு. தோட்ட விடுமுறை நாளில் போடி வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயர் மாற்ற முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்பது நம் பொறுப்பு.