ஒரு எட்டு போயிட்டு வர்றேன்... இதுதாங்க ‘ட்ரிப்’!

வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்னா போதும், ‘ட்ரிப்’ என்ற சொல் நாலைந்து தடவையாவது காதில் விழும். “இன்னிக்கு எத்தனை ட்ரிப் ஆச்சு?” என்பது ஆட்டோ ஓட்டும் அண்ணன்கள் பேச்சு. “கடைசி ட்ரிப் போயிடுச்சா?” என்று கேட்பவர் ராணிப்பேட்டைக்கோ ஆற்காட்டுக்கோ போகவேண்டியவர். ஸ்கூல் பசங்களுக்கு ஏலகிரி ட்ரிப். ஜெராக்ஸ் கடைக்குப் போனால், “லைன் ட்ரிப் ஆயிடுச்சும்மா, கொஞ்சம் இருங்க” என்பார்கள்.

ஆனால், ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய அர்த்தம் பயணமும் இல்லை, கரன்ட்டும் இல்லை. துள்ளல்! கால் தரையில் பட்டும் படாமலும் லேசாக, வேகமாக எட்டு வைத்து ஓடுவது அல்லது ஆடுவது. குழந்தை ஸ்கூல் விட்டதும் குதித்துக் குதித்து வருமே, அதுதான் ட்ரிப்.

துள்ளுவது, குதித்து ஆடுவது, காலால் தட்டுவது என்ற பொருளில் பழைய பிரெஞ்சு மொழியில் ‘ட்ரிப்பே’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. அதற்கும் முந்தைய வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் இன்றைக்கும் பொடிநடையாக ஓடுவதை ‘ட்ரிப்பலன்’ என்கிறார்கள். இங்கிலாந்துக்கு இந்தச் சொல் 14-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. கவிஞர் மில்டனும் ‘லா அலெக்ரோ’ என்ற கவிதையில் நடனத்துக்குத்தான் இதைப் பயன்படுத்துகிறார். அது அச்சில் வந்தது 1645-இல்.

லேசாகக் கால் வைத்து வேகமாகப் போனால் என்ன ஆகும்? தடுக்கும்! அதனால் தடுக்கி விழுவதும் ட்ரிப் ஆனது. அடுத்தவர் காலைத் தட்டிவிடுவதும் ட்ரிப் ஆனது. நம்ம ஊரில் ‘காலை வாரிவிட்டான்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். (ஆம்பூரில் தடுக்கி விழுந்தால் பிரியாணிக் கடை வாசலில்தான் விழவேண்டும் என்பது வேறு கதை.)

பயணம் என்ற அர்த்தம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் கப்பல்காரர்கள் சின்னக் கடல் பயணத்தை இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ‘சும்மா ஒரு துள்ளு துள்ளிட்டு வந்துடறோம்’ என்பது மாதிரி. பிறகு அது கரைக்கு ஏறிக்கொண்டது.

இங்கே எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது நம்ம வீட்டுப் பேச்சு. “கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்” என்று பாட்டிகள் சொல்வார்கள். எட்டு என்றால் காலடி. காலை ஒருமுறை எடுத்து வைப்பது. அதுவே ‘சீக்கிரம் போய்த் திரும்புவது’ ஆகிவிட்டது. அதேபோல, “நாலு நடை தண்ணி எடுத்துட்டேன்”, “ரெண்டு நடை மணல் அடிச்சாச்சு”. பஸ் எத்தனை முறை போய்வருகிறது என்பதைக்கூட ‘நடை’ என்று எண்ணும் வழக்கம் உண்டு. சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு நடை என்று பெயர் வைத்திருக்கிறோம், பாருங்கள்! ஆங்கிலேயர் நமக்குச் சொல்லித்தரவில்லை, நாம் அவர்களுக்கும் சொல்லித்தரவில்லை. இரண்டு மொழியும் தனித்தனியாகக் காலடியில் தொடங்கிப் பயணத்துக்குப் போயிருக்கின்றன. ‘ட்ரிப்’புக்குத் தமிழில் என்ன என்று யாராவது கேட்டால், ‘நடை’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

ட்ரிப் என்றதும் வாலாஜாவுக்கு ஒரு பெருமை உண்டு. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்தது இங்கேதான், வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு. 1856 ஜூலை 1 அன்று. அப்போது இதற்கு ஆற்காடு ஸ்டேஷன் என்று பெயர். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் நாள்கணக்கில் போன தூரம், ஒரே நாளில் முடிகிற காரியம் ஆனது.

அதற்கு முன் போனதை ட்ரிப் என்று சொல்லவே முடியாது. அதற்குச் சரியான ஆங்கிலச் சொல் ‘டிராவல்’. டிராவல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாடுபடுவது, வேதனைப்படுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. அதன் லத்தீன் வேரைத் தோண்டினால் மூன்று கட்டைகளால் ஆன ஒரு சித்திரவதைக் கருவி வரைக்கும் போகிறது. ‘ஜர்னி’ என்றால் முதலில் ஒரு நாள் பயணம். மூன்றில் ட்ரிப் மட்டும்தான் சந்தோஷமாகப் பிறந்த சொல்.

ஆனால், பிறந்தபோது இருந்த சந்தோஷம் இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் குறைந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். விடிகாலையில் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி வேன்களைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டு, அடுத்த ஊருக்குத் திரும்ப ஓடும். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு ட்ரிப் என்பது டீசல் காசு, வண்டித் தவணை, வீட்டுச் செலவு. ஒரு ட்ரிப் குறைந்தால் கணக்கு இடிக்கும். அவருக்கு அது ட்ரிப் இல்லை, அசல் டிராவல்!

ஒரு குறுக்குத் தகவல்: ஆஸ்பத்திரியில் ‘ட்ரிப்ஸ் ஏத்தினாங்க’ என்கிறோமே, அதற்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. அது சொட்டு என்ற பொருளுள்ள ‘டிரிப்’. குளூக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது அல்லவா? நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கரன்ட் ‘ட்ரிப்’ ஆவதற்கு மட்டும் சம்பந்தம் உண்டு. சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்தபடி ஒரு சின்னக் கொக்கி இருக்கும். லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். கொக்கி விடுபட, ஸ்பிரிங் துள்ள, இணைப்பு அறுந்துவிடும். காலைத் தட்டிவிட்டால் ஆள் விழுவது மாதிரி சுவிட்ச் விழுகிறது.

இதில் இரண்டு வகை. எம்.சி.பி. என்பது லோடு அதிகமானாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ விழும். அது ஒயரைக் காப்பாற்ற. ஆர்.சி.சி.பி. என்பது ஆளைக் காப்பாற்ற. போகிற கரன்ட்டும் திரும்பி வருகிற கரன்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் இருந்தால் கரன்ட் வேறு எங்கோ கசிகிறது, ஒருவேளை யாரோ ஒருவரின் உடம்பு வழியாக. வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு கசிந்தால் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அது விழுந்தாக வேண்டும்.

பிரச்னை என்னவென்றால், அடிக்கடி விழுந்தால் நமக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. “சும்மா சும்மா ட்ரிப் ஆகுது, எடுத்துட்டு நேரா குடுத்துடுப்பா” என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்பவர்கள் நிறைய. மழைக்காலத்தில் ஈரச் சுவர், பழைய கிரைண்டர், கிணத்து மோட்டார் எல்லாம் கசியும். டேனரி மாதிரி தரை எப்போதும் நனைந்தே கிடக்கும் இடத்தில் இந்தக் கசிவு இன்னும் ஆபத்து. ஈரக் காலோடு நிற்பவர் உடம்பு வழியாகக் கரன்ட் சுலபமாகத் தரைக்கு இறங்கிவிடும். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. சொல்பவரையே வெளியே அனுப்பினால் எப்படி?

உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்றோ ‘டெஸ்ட்’ என்றோ ஒரு சின்ன பட்டன் இருக்கும். கரன்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் ‘டக்’கென்று விழவேண்டும். விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே. விழுந்தால் மறுபடி தூக்கிவிட்டு, மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் முதலில் சேவ் பண்ணிவிடுங்கள்.

உங்கள் ஊரில் ‘எட்டு’, ‘நடை’ தவிர ட்ரிப்புக்கு வேறு சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் வேறொரு சொல்லோடு வருகிறேன்.