இறக்கத்தில் தொய்யும் பிரேக்

"பழைய மாருதி ஆம்னியில் ஏலகிரியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வருகிறோம். பாதி இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. அடிவாரத்தில் சற்று நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. ஏன்?"

- வாசகர், வாணியம்பாடி.

ஆறினால் சரியாகிறது என்பதுதான் துப்பு. பிரேக் ஆயில், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது 'டாட் 3' ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தொய்யும். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பினால் இதுதான் நடக்கும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் விடுவது பொல்லாத பழக்கம்.

பழைய ஆயிலை முழுக்க மாற்றி, 'ஏர்' எடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் தளர்த்த வேண்டும். அதை மறுபடி முடுக்கிய பிறகே காலை எடுக்கலாம். குமிழ் இல்லாமல் தெளிந்த ஆயில் வரும்வரை இப்படியே. மேலே டப்பா வற்றினால் திரும்பவும் முதலிலிருந்துதான்! எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

அதன்பிறகும், நிற்கும் வண்டியில் மிதித்த பெடல் மெல்லக் கீழே போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் உள்ளே தேய்ந்திருக்கும். மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள். வண்டியை ஓட்டிப் போகாதீர்கள்.