பின் பெஞ்சில் மூன்று வாரம்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்கள் நம்மைப் போன்ற அப்பா அம்மாக்கள்தான். அதற்கு முன் மூன்று வாரம், அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கணும். "நல்லா இருந்தது" என்று நோட்டில் எழுதக் கூடாது. டீச்சர் என்ன செஞ்சாங்க, பிள்ளை என்ன செஞ்சுது, அவ்வளவுதான்.

என் நோட்டில் அதிகம் இருப்பது மௌனம். "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுவிட்டு டீச்சர் காத்திருந்தார். கொஞ்சம் பொறுத்து ஒரு பையன், "நேத்து தோசை சாப்பிடுறேன்" என்றான். தப்பு என்று அவர் சொல்லவில்லை. "ஓ, தோசை சாப்பிட்டியா? எத்தனை சாப்பிட்டே?"

"மூணு சாப்பிட்டேன்!"

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அது 3 நொடிக்கு மேல் போனபோது பதில்கள் நீண்டன. அதிகம் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

வீட்டில் நாம என்ன செய்றோம்? பிள்ளை தமிழ்ச் சொல்லைத் தேடும்போதே ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்துடறோம். சொல் உள்ளே இருக்கலாம், வெளியே வர நேரம் வேணும். தாத்தா பாட்டியிடம் பேசும்போது நமக்கும் அப்படித்தானே?

இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டில் ஒரு கேள்வி கேளுங்க. மனசுக்குள்ள மூணு எண்ணுங்க.