காசோலை மட்டும் போதுமா?

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்காக நாம் போராடுகிறோம், போராடத்தான் வேண்டும். ஆனால், காரியம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு, தூக்கம் வராமல் கிடக்கும் மனைவியிடமும் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையிடமும் யார் பேசுவது? 'எல்லாம் விதி' என்பது ஆறுதல் அல்ல, குற்றத்தை மூடும் சொல்.

மனநல ஆலோசனை 'பைத்தியத்துக்கான வைத்தியம்' அல்ல. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ஆனாலும், இடிந்து கிடப்பவர் தாமாகப் போனை எடுக்கமாட்டார். இழப்பீட்டு ஆணையோடு ஆலோசகரையும் நம் காலனிக்கு அனுப்பச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுப்போம். மனம் தேறினால்தான் வழக்கைக் கடைசிவரை நடத்தத் தெம்பு வரும்.