ஆன்ட்டியின் கைப்பையில் இருந்த மாத்திரை



போன மாதம் ஆராதனை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஆன்ட்டி கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த வைட்டமின் டி. "தினம் ஒண்ணு போடறேன்மா, நல்லதுதானே?" அட்டையில் 60,000 யூனிட் என்றிருந்தது! ஊரில் டாக்டர்கள் இதை வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்குத்தான் எழுதுவார்கள். நல்லவேளை, ஆன்ட்டி இரண்டுதான் போட்டிருந்தார்கள். மறுநாளே ஜிபியிடம் பேசவைத்தோம்.

லண்டனில் நமக்கு வைட்டமின் டி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை இங்குள்ள வெயில் போதாது. நம்மைப் போன்ற கருத்த தோல் உள்ளவர்கள் வருஷம் முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்கிறது என்.எச்.எஸ். ஆனால் அளவு தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட். ஆன்ட்டியின் ஒரு மாத்திரையில் ஐந்து மாத அளவு இருந்தது. டாக்டர் சொன்னாலொழிய, பெரியவர்கள் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது.

தாண்டினால் என்ன? 2022-இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் இங்கிலாந்து டாக்டர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். தனியார் ஊட்டச்சத்து ஆலோசகர் சொன்னபடி அவர் இருபதுக்கும் மேற்பட்ட சத்து மாத்திரைகள் எடுத்தார். அதில் வைட்டமின் டி மட்டும் தினம் 150,000 யூனிட். ஒரு மாதத்தில் வாந்தி, வயிற்றுவலி, கால் பிடிப்பு, தீராத தாகம். உடல் எடை சுமார் 13 கிலோ குறைந்தது. மாத்திரையை நிறுத்தியும் நோய் நிற்கவில்லை. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பி இரண்டு மாதமாகியும் இரத்தத்தில் வைட்டமின் டி அதிகமாகவே இருந்தது.

வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். டி அப்படியல்ல, கொழுப்பில் தங்கிவிடும். இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம்தான் அடிவாங்கும். வெயிலால் மட்டும் இது மிஞ்சாது, உடம்பே நிறுத்திக்கொள்ளும்.

வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாக்களை எல்லாம் மேசையில் வையுங்கள். மல்ட்டிவைட்டமின், மீன் எண்ணெய், கால்சியம் மாத்திரை, எல்லாவற்றிலும் டி ஒளிந்திருக்கலாம், கூட்டிப் பாருங்கள். சிலவற்றில் மைக்ரோகிராம், சிலவற்றில் யூனிட் என்று போட்டுக் குழப்புவார்கள். ஒரு மைக்ரோகிராம் என்றால் 40 யூனிட். சிறுநீரகக் கல் வந்தவர்களும், டைஜாக்சின் போன்ற இதய மாத்திரை எடுப்பவர்களும் பார்மசிஸ்டைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். அதிக டோஸ் எடுத்துவிட்டு வாந்தி, தாகம், குழப்பம் என்றிருந்தால் அடுத்த ஞாயிறு எங்களிடம் காட்டலாம் என்று காத்திராமல் உடனே 111-ஐ அழையுங்கள். அட்டையும் கையில் இருக்கட்டும்.